செலவு கையைக் கடிக்காமல் வீட்டுக் குதிரையோடு ஷோவுக்குப் போவது எப்படி?

[திரையில்: மணல் களம். பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்று, பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு சிறுமி]

இந்தக் குதிரைக்கு 19 வயது. பெயர் பெப்பர். வம்சச் சான்று எதுவும் கிடையாது, முன்னங்காலில் ஒரு பழைய தழும்பு, முதுகு லேசாக இறங்கியிருக்கும். பக்கத்தில் நிற்பது என் மகள், அப்போது அவளுக்கு 10 வயது. அந்தக் கோடியிலிருந்து நடந்து வருகிறாரே, அவர்தான் நடுவர். இன்னும் அரை நிமிடத்தில் பெப்பரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஆனால் அவர் மதிப்பெண் போடப்போவது குதிரையின் அழகுக்கு இல்லை, என் மகள் அந்தக் குதிரையை எப்படி வைத்திருக்கிறாள், எப்படி நடத்துகிறாள் என்பதற்கு. ஷோமேன்ஷிப் என்று இந்தப் போட்டிக்குப் பெயர். கையில் காசு குறைவாக இருக்கிற குடும்பம் முதலில் இறங்க வேண்டியது இதில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன், ஏன் என்று பார்க்கலாம்.

வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். குதிரை ஷோ என்று சொன்னதும் இங்கே பலருக்கு மனதில் வருவது வெள்ளி பதித்த சேணம், கல் வைத்த மேல்சட்டை, மாதச் சம்பளத்துக்குப் பயிற்சியாளர். அதெல்லாம் ஒவ்வொரு குதிரை இனத்துக்கும் தனித்தனியாக இருக்கிற சங்கங்கள் நடத்துகிற பெரிய ஷோக்களில். உதாரணத்துக்கு குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனத்துக்காக 1940-ல் டெக்சஸில் தொடங்கிய அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம். அதன் ஷோவில் இறங்க, குதிரை அந்தச் சங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும், நீங்களும் உறுப்பினராக இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது அது இல்லை. ஊருக்கு ஊர் சனி, ஞாயிறுகளில் ஓப்பன் ஷோ என்று நடக்கும். எந்த இனக் குதிரையும் வரலாம், கலப்பும் வரலாம், வயதானதும் வரலாம்.

பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் ஃபோர் எச் (4-H) என்கிற பிள்ளைகள் மன்றத்தை விட்டுவிடாதீர்கள். 1902-ல் இதே ஒஹாயோவில், கிளார்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக்கூடக்காரர் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த சங்கத்திலிருந்து வளர்ந்தது அது. தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நான்கின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் அந்த நாலு எச். சின்னமும் நாலு இலை உள்ள க்ளோவர் செடி. குதிரை சொந்தமாக இருக்க வேண்டும் என்றுகூட பல இடங்களில் கட்டாயம் இல்லை, குத்தகைக்கு எடுத்த குதிரையோடும் பிள்ளைகள் கவுண்டி ஃபேர் என்கிற மாவட்டத் திருவிழாப் போட்டிகளில் இறங்குகிறார்கள்.

[திரையில்: மேலிருந்து பார்த்த குதிரையின் கோட்டுப்படம், நாலு கட்டமாகப் பிரித்தது]

சரி, ஷோமேன்ஷிப்புக்கு வருவோம். இந்தப் படத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், இது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. முதுகெலும்பு வழியாக நீளமாக ஒரு கோடு, தோளுக்குப் பின்னால் குறுக்கே ஒரு கோடு. முன்னால் இரண்டு கட்டம், பின்னால் இரண்டு கட்டம். நீங்கள் எப்போதும் தலைக்குப் பக்கத்தில்தான் நிற்பீர்கள், இடமா வலமா என்பது மட்டும் மாறும். நடுவர் குதிரையின் முன்பாதியில் இருந்தால் நீங்கள் அவருக்கு எதிர்ப்பக்கம். அவர் பின்பாதிக்கு நகர்ந்ததும் அவர் எந்தப் பக்கமோ அதே பக்கம் நீங்களும். அவர் வாலைத் தாண்டி மறுபக்கம் போனால் நீங்களும் மூக்குக்கு முன்னால் சுற்றி மறுபக்கம்.

பார்க்க ஏதோ நடனம் மாதிரி இருக்கும். காரணம் பாதுகாப்பு. குதிரை மிரண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கயிற்றைப் பிடித்துத் தலையை உங்கள் பக்கம் இழுப்பீர்கள். தலை உங்கள் பக்கம் திரும்பினால் பின்பாகம் தானாக எதிர்ப்பக்கம் வீசும். நடுவர் பின்னங்கால் அருகே உங்கள் பக்கமே நின்றால் உதை அவர்மேல் படாது. முன்னால் இருக்கும்போது எதிர்ப்பக்கம் போவது அவர் பார்வையை மறைக்காமல் இருக்க, நீங்களும் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க. இந்தக் காரணத்தைப் பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், கட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, தானாக வந்துவிடும். என் மகள் ஒரு மாதம் உருப்போட்டும் குழம்பிக்கொண்டே இருந்தாள். "கண்ணு, உதை யாருக்கு விழும்னு யோசி" என்று சொன்ன அன்றைக்கே சரியாகிவிட்டது.

அப்புறம் நிற்க வைப்பது. நாலு காலும் நேர்சதுரமாக ஊன்ற வேண்டும், கையால் காலைத் தொட்டு நகர்த்தக் கூடாது. முதலில் வலது பின்னங்காலை ஊன்ற வைத்து, மற்ற காலை அதற்கு ஏற்ப ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று கயிற்றாலேயே சொல்லிச் சரிசெய்ய வேண்டும். இதற்குப் பயிற்சியாளர் தேவையில்லை. தினமும் தீனி வைக்கப் போகும்போது லாயத்து நடைபாதையில் பத்து நிமிடம் போதும். வாளியைக் கவிழ்த்து வைத்து அதுதான் களத்தில் இடம் குறிக்க வைக்கிற கூம்பு, அம்மாவோ அப்பாவோ நடுவர். ஒரே கட்டளை, ஒரே சொல், கால் சரியாக ஊன்றியதும் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள், அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. வயதான குதிரைக்கு இது சீக்கிரம் பிடிபடும், சும்மா நிற்பது அதற்கும் பிடித்தமான வேலை.

[திரையில்: வெள்ளைக் கால், ஈரத் துண்டு, மாவு டப்பா]

இப்போது அலங்காரம். கடைக்குப் போனால் நூறு புட்டி இருக்கும். வாங்க வேண்டியது மிகக் குறைவு, ஏனென்றால் மேனியில் தெரிகிற மினுக்கு தேய்ப்பதில் வருவது. ரப்பர் பல் வைத்த வட்டச் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் அழுக்கும் பொடுகும் மேலே வரும், தோலின் எண்ணெய் மயிர் முழுக்கப் பரவும். ஷோவுக்கு ஆறு வாரம் முன்பிருந்தே தினமும் கை வலிக்கத் தேய்த்த குதிரைக்கும், முந்தின நாள் மட்டும் ஸ்ப்ரே அடித்த குதிரைக்கும் வித்தியாசம் பத்தடி தள்ளி நின்றாலே தெரியும், நடுவருக்கு நிச்சயம் தெரியும். மினுக்கு ஸ்ப்ரே அடிப்பதானால் வாலுக்கும் பிடரிக்கும் மட்டும் அடியுங்கள். முதுகில் அடித்தால் வழுக்கும், சேணம் நழுவும்.

வெள்ளைக் கால்களுக்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவித் துவட்டி, ஈரம் காய்ந்ததும் சோளமாவைத் தேய்த்து, உதிரியை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சமையல்கட்டில் இருக்கிற அதே கார்ன் ஸ்டார்ச்தான். மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் பேபி ஆயில் தொட்டுத் தடவுவார்கள், ஆனால் மூக்கு ரோஸ் நிறமாக இருக்கிற குதிரைக்கு வெயிலில் அது வேண்டாம், தோல் வெந்துபோகும். மூக்கைச் சுற்றியுள்ள மீசை முடியைச் சிலர் மழித்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். மூக்குக்கு நேர் கீழே இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது, அந்த முடியால்தான் தொட்டு அறிகிறது. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பே 2021 ஜூலையிலிருந்து தன் போட்டிகளில் அதை மழிக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டது.

சாமான்களில் எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது? ஹெல்மெட் மட்டும் புதிது. ஏஎஸ்டிஎம் - எஸ்இஐ (ASTM/SEI) என்கிற பாதுகாப்புத் தர முத்திரை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை விழுந்த ஹெல்மெட் வெளியே பார்க்கப் புத்தம் புதிதாகத் தெரியும், உள்ளே இருக்கிற நுரை நசுங்கியிருக்கும், அடுத்தமுறை காப்பாற்றாது. மற்றதெல்லாம் பழசே போதும். வசந்தகாலத்தில் மன்றங்கள் நடத்துகிற பழைய சாமான் சந்தையில் சட்டை, பூட்ஸ், குதிரையின் தலையில் மாட்டுகிற ஹால்ட்டர் எல்லாம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிடுவதால் பல சட்டைகள் இரண்டு முறை போட்டதாகத்தான் இருக்கும். பூட்ஸுக்குக் குதிகால் இருக்க வேண்டும், அது இருந்தால் சேணத்தில் தொங்குகிற மிதி வளையத்துக்குள் கால் நழுவி மாட்டிக்கொள்ளாது. பழைய சேணம் வாங்கினால் முன்முனையையும் பின்முனையையும் பிடித்து ஒன்றையொன்று நோக்கி அழுத்திப் பாருங்கள், நடுவில் மடங்கினால் உள்ளே இருக்கிற சட்டம் உடைந்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், குதிரையின் முதுகு போய்விடும்.

ஒரு செலவைத் தவிர்க்கவே முடியாது: காகின்ஸ் சோதனை. குதிரைத் தொற்று ரத்தசோகை என்ற வைரஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீராய் காகின்ஸ் என்ற கால்நடை மருத்துவர் உருவாக்கியது, அவர் பெயராலேயே வழங்குகிறது. ரத்தம் குடிக்கிற பெரிய ஈக்கள் இந்த நோயைப் பரப்பும். மருந்து கிடையாது, வந்தால் ஆயுளுக்கும் போகாது. மற்ற குதிரைகளிடமிருந்து குறைந்தது 200 கஜம் தள்ளி வாழ்நாள் முழுக்கத் தனியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் கருணைக்கொலை. அதனால்தான் பெரும்பாலான ஷோக்களில் அந்தத் தாள் இல்லாமல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். வருடத் தடுப்பூசிக்கு மருத்துவர் வரும் நாளிலேயே ரத்தமும் எடுக்கச் சொல்லிவிட்டால் இரண்டு முறை வருகைக் கட்டணம் தர வேண்டாம்.

[திரையில்: ட்ரெய்லர் பின்கதவு, இரண்டு தண்ணீர் கேன்]

இந்தக் கேன்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எங்கள் முதல் ஷோவில் பெப்பர் காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த ஊர்த் தண்ணீரின் வாசனை வேறு, வாளியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜூலை வெயில். குதிரைக்கு நீர் வற்றினால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும், அதில் உயிரே போகலாம், நான் பயந்துபோய் மீதிப் போட்டிகளை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுத் தொட்டியைப் பார்த்ததும் தலையைத் தூக்காமல் குடித்தது. அதிலிருந்து வீட்டுத் தண்ணீரும் சொந்த வாளியும் இல்லாமல் கிளம்புவதில்லை. பொது வாளியில் குடிக்க விடாமல் இருப்பது வேறு விதத்திலும் நல்லது, ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற தொண்டைக் கட்டி நோய் மூக்குச் சளி பட்ட வாளி வழியாகப் பரவும்.

பணக் கணக்கு? போன மாதம் எங்களுக்கு ஆனது இது. போட்டி ஒன்றுக்கு 8 டாலர் வீதம் நாலு போட்டிக்கு 32, மைதானக் கட்டணம் 10, பக்கத்துப் பண்ணை அம்மாவின் ட்ரெய்லரில் ஏற்றிப் போனதற்கு டீசல் பங்கு 20. மொத்தம் 62 டாலர். சாப்பாடு புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனது. சொந்தமாக ட்ரெய்லர் வாங்குகிற யோசனையை முதல் இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள், ஒரே ஊரிலிருந்து ஷோவுக்குப் போகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

நாலு போட்டி எவை என்றால் ஷோமேன்ஷிப், நடையும் மெல்லோட்டமும் மட்டும் உள்ள வாக்-ட்ராட், மரப்பலகை, கதவு, கம்பம் எல்லாம் கடந்து போகிற டிரெயில், கடைசியாக வேஷப் போட்டி. வேஷத்துக்கு இங்கே கவ்பாயும் தேவதையும் நிறைய வரும். நாங்கள் பெப்பரை அய்யனார் கோயில் குதிரையாக்கினோம்: காகித சாமந்தி மாலை, பழைய சிவப்புப் பட்டுத்துணி, கழுத்தில் அட்டை மணிகள். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் மாலையைப் போட்டுக் காகிதச் சரசரப்புக்குப் பழக்கினோம், அதைச் செய்யாமல் நேரே களத்தில் போட்டால் எந்தச் சாதுவான குதிரையும் தூக்கி எறியும். நடுவர் கேட்டார், என் மகள் ஊர் எல்லையைக் காக்கிற சாமி, ராத்திரி இதில்தான் வருவார் என்று விளக்கினாள்.

களத்தில் ஒரு எச்சரிக்கை: எந்தக் குதிரையின் வாலிலாவது சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது உதைக்கிற குதிரை, இரண்டு குதிரை நீளம் தள்ளியே இருங்கள். பரிசு ரிப்பன் வேறு. இங்கே முதலிடத்துக்கு நீலம், இரண்டாவதற்குச் சிவப்பு. இங்கிலாந்தில் அப்படியே தலைகீழ்.

போட்டி முடிந்ததும் களப் பொறுப்பாளரிடம் கேட்டு அனுமதி வாங்கி நடுவரிடம் பேசுங்கள். சிறு ஷோக்களில் பெரும்பாலும் மனமுவந்து சொல்வார்கள். ஆரம்பத்தில் நீங்கள் பார்த்த அந்தப் போட்டியில் என் மகளுக்கு ஆறாவது இடம், பச்சை ரிப்பன். நடுவர் சொன்னது ஒன்றுதான்: கட்டமெல்லாம் சரி, ஆனால் நீ குதிரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் பெப்பரை இறக்கி விட்டதும் அது நேரே சேற்றுக்குப் போய்ப் புரண்டு, காலையில் மாவு தேய்த்த நாலு காலையும் வானத்தைப் பார்த்து உதறிக்கொண்டிருந்தது. மகள் வேலி ஓரத்தில் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்பா, நீங்க நடுவர், நடங்க" என்றாள்.