பாதரச பேட்டரி இல்லாத காலத்தில் பழைய கேமராவின் லைட் மீட்டர்

[திரையில்: ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவின் அடிப்பக்கம். நாணயத்தால் சின்ன மூடியைத் திருகித் திறக்கிறோம்.]

இந்தக் குழிக்குள் இருக்க வேண்டியது பிஎக்ஸ் 625 என்ற பட்டன் பேட்டரி. 1.35 வோல்ட், பாதரசம் கலந்தது. குப்பையில் போய் மண்ணிலும் தண்ணீரிலும் விஷம் சேர்க்கிறது என்பதால் அமெரிக்கா 1996இல் சட்டம் போட்டு இதன் விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பாவும் அப்புறம் நிறுத்தியது. நிறுத்தியதில் தப்பே இல்லை. ஆனால் இந்த பேட்டரியை நம்பிச் செய்த கேமராக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன: ஓஎம்-1, கேனனெட், ரோலை 35, மினோல்டா எஸ்ஆர்டி 101 என்று பெரிய பட்டியல்.

ஓஎம்-1இன் ஷட்டருக்கு பேட்டரியே வேண்டாம், முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். பேட்டரி வேண்டியது வெளிச்சத்தை அளந்து முள்ளில் காட்டும் லைட் மீட்டருக்கு மட்டும்.

[திரையில்: இரண்டு பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில்.]

கடையில் 625 கேட்டால் இன்றைக்கும் கிடைக்கும். அதே அளவு, அதே தொப்பி வடிவம், குழிக்குள் கச்சிதமாக உட்காரும். பேரின் கடைசியில் ஓர் 'ஏ' ஒட்டிக்கொண்டிருக்கும், கவனியுங்கள். அது ஆல்கலைன், 1.5 வோல்ட். நானும் முதலில் அதைத்தான் போட்டேன். மீட்டர் முள் ஆடியது, சந்தோஷமாக ஒரு ரோல் ஃபிலிம் எடுத்தேன். கழுவி வந்தபோது நிழல் விழுந்த இடமெல்லாம் வெறும் சேறு.

ஏன்? ஓஎம்-1க்குள் காட்மியம் சல்பைடு செல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும், முள் நகரும். வோல்டேஜ் கூடினாலும் மின்னோட்டம் கூடத்தான் செய்யும். எதனால் கூடியது என்று முள்ளுக்குத் தெரியாது. வெளிச்சம் அதிகம் என்று காட்டும், நாம் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையைச் சுருக்குவோம், படம் இருண்டுவிடும்.

1.5க்கும் 1.35க்கும் பத்துப் பதினொரு சதவீதம்தானே வித்தியாசம், அதற்கா இவ்வளவு? நியாயமான கேள்வி. ஓஎம்-1இன் மீட்டர் ஈவி 2 முதல் 17 வரை அளக்க வேண்டும். ஈவி என்பது வெளிச்சத்தின் படி, ஒரு படி ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பு. பதினைந்து முறை இரட்டிப்பு, அதாவது சுமார் 32,000 மடங்கு வெளிச்ச வித்தியாசம். அதை நேருக்கு நேர் காட்டும் முள் உலகத்தில் இல்லை. அதனால் வெளிச்சம் இரண்டு மடங்கானாலும் முள் கொஞ்சமே நகரும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச தூரத்தை வோல்டேஜின் சின்ன ஏற்றமே தின்றுவிடும். ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சத்தில் ஒரு இரட்டிப்பு வரை தப்பு வரலாம், சில கேமராக்களில் அதற்கு மேலும். நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைவைப் பொறுக்காது. ஸ்லைடு ஃபிலிம் இரண்டையும் பொறுக்காது.

"ஏஎஸ்ஏவை (ஃபிலிமின் வேக எண்ணை) ஒரு படி குறைத்து வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள். ஆல்கலைனில் அது நிற்காது. புதிதில் 1.5, போகப் போக 1.4, 1.3 என்று இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த மாதத்துத் தப்பு வேறு, அடுத்த மாதத்துத் தப்பு வேறு. பாதரச பேட்டரியின் பெருமையே இதில்தான்: சாகும்வரை கிட்டத்தட்ட அதே 1.35, அப்புறம் ஒரே நாளில் படுத்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாமுவேல் ரூபன் இதை உருவாக்கினார். வெயில் தேசங்களில் சாதாரண பேட்டரிகள் ராணுவ ரேடியோக்களில் கெட்டுப்போனதுதான் காரணம். அந்த நிலையான வோல்டேஜைப் பார்த்த கேமராக்காரர்கள், அதைச் சீராக்கத் தனி சர்க்யூட் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

எல்லாக் கேமராவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. பென்டாக்ஸ் ஸ்பாட்மேடிக்கில் இருப்பது பிரிட்ஜ் சர்க்யூட். தராசு மாதிரி இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் முள் ஏமாறாது. அதற்கு அளவு பொருந்துகிற சில்வர் ஆக்சைடு பேட்டரி போதும். உங்கள் கேமரா எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். பலர் இதைப் பார்க்காமலேயே வோல்டேஜைக் குறைக்கும் அடாப்டர் வாங்கிவிடுகிறார்கள்.

[திரையில்: நீல ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன பேட்டரி.]

சரி, ஓஎம்-1க்கு என்ன வழி? மலிவானது காது மிஷின் பேட்டரி. 675 என்று கேளுங்கள், நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஜிங்க்-ஏர் ரகம், சுமார் 1.4 வோல்ட், இறங்காமல் நிற்கும். விட்டம் 11.6 மில்லிமீட்டர்தான், 625க்கோ கிட்டத்தட்ட 16. சுற்றிலும் ஒரு ரப்பர் ஓ-ரிங் மாட்டினால் நடுவில் நிற்கும். உயரமும் கொஞ்சம் குறையும், அதற்கு அலுமினியத் தாளை மடித்து எதிர்மின் பக்கம் வையுங்கள். தாள் ஓரம் நீண்டு பேட்டரியின் உடம்பைத் தொட்டால் ஷார்ட் ஆகும், அளவாக வெட்டுங்கள். நேர்மின் பக்கத்தில் இருக்கும் குட்டி ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள், அது அந்த வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஸ்டிக்கரை உரித்து ஐந்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்தபின் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். திரும்ப ஒட்டி வைத்தாலும் பெரிதாக மிச்சமில்லை.

மாதாமாதம் படம் எடுக்கிறவர்களுக்கு அது சரி. கேமராவை அலமாரியில் வைத்துவிட்டுப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எடுக்கிறவர்களுக்கு சில்வர் ஆக்சைடு நல்லது. அது 1.55 வோல்ட், ஆனால் அங்கேயே நிலையாக நிற்கும். மிச்ச 0.2 வோல்ட்டை ஒரு ஷாட்கி டையோடு விழுங்கிவிடும். மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் குட்டிப் பாகம் அது. அடிமூடியைக் கழற்றி, பேட்டரிக் குழியிலிருந்து வரும் கம்பியில் டையோடைப் பற்றவைக்கலாம். நேர்மின் பாதையில் வைத்தால் அதன் ஒரு முனையில் இருக்கும் பட்டைக் கோடு மீட்டர் பக்கம் இருக்க வேண்டும். பற்றவைக்கக் கை வராதவர்களுக்கு ஜப்பானின் கான்டோ கேமரா செய்யும் எம்ஆர்-9 என்ற அடாப்டர் உண்டு. 625 வடிவ உறைக்குள் எஸ்ஆர் 43 பேட்டரி உட்காரும், வோல்டேஜை உறையே குறைத்துக் கொடுக்கும். விலை அதிகம்தான், ஆனால் ஒரு தடவை வாங்கினால் போதும், கேமராவுக்குக் கேமரா மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

[திரையில்: பச்சை படிந்த பேட்டரிக் குழி, வினிகரில் தோய்த்த பஞ்சு.]

குழியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், கசிவது காரம் என்பதால் புளிப்புக்கு அடங்கும். உள்ளே பழைய பாதரச பேட்டரி கிடந்தால் நெருப்பில் போடாதீர்கள், குப்பையிலும் வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

எதைப் போட்டாலும் ஒரு ரோலை வீணாக்குவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். வாசல் வெயில், திண்ணை நிழல், டியூப் லைட் அறை: மூன்று இடத்திலும் ஒரு வெற்றுச் சுவரை மொபைலின் லைட் மீட்டர் ஆப்பிலும் கேமராவிலும் அளந்து எழுதுங்கள். மூன்றிலும் வித்தியாசம் ஒரே அளவாக இருந்தால் ஏஎஸ்ஏவில் சரிசெய்துகொள்ளலாம். இடத்துக்கு இடம் மாறினால் வெளிச்சம் அளக்கும் செல்லே கிழடாகியிருக்கலாம், பேட்டரியை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை.

[திரையில்: கேமராவின் அடியில் ஒட்டிய காகித டேப், அதில் பேனாவால் ஒரு தேதி.]

இது என்ன என்று கேட்பீர்கள். 675இன் ஸ்டிக்கரை உரித்த தேதி.