டிர்க் கைட்டும் நம் மைதானமும்

விழாத் தலைவர் அவர்களே, இந்த வருடமும் கோப்பைகளைத் தன் செலவிலேயே வாங்கித் தந்திருக்கும் ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியர் ஐயா அவர்களே, இறுதி ஆட்டத்தில் ஜெயித்த அணிக்கும், தோற்றாலும் விசில் ஊதும் வரை ஓடிய அணிக்கும், வெயிலில் நின்று கைதட்டிய உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அண்ணாச்சிக்கு இன்னொரு தடவை நன்றி சொல்லச் சொல்லிச் செயலாளர் காதைக் கடிக்கிறார். அண்ணாச்சி, நன்றி.

என்னைப் பேசக் கூப்பிட்டபோது, மெஸ்ஸி, ரொனால்டோ பற்றிப் பேசுங்கள், பையன்கள் கேட்பார்கள் என்றார்கள். அவர்களைப் பற்றிப் பையன்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் பேச வந்திருப்பது நெதர்லாந்து அணியில் 104 ஆட்டங்கள் ஆடிய டிர்க் கைட் பற்றி. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அவருடைய உழைப்பு. இரண்டு, எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுகிற குணம். மூன்று, அப்படிப்பட்ட ஆளை அடையாளம் காண்கிற பயிற்சியாளரின் கண்.

என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆமாம், போன வருடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த வருடம் கூப்பிட்டால் அப்போதும் சொல்வேன். தேர் வரும்போது நம் கண் சாமியைப் பார்க்கும், அலங்காரத்தைப் பார்க்கும், வடம் பிடிக்கிறவர்களைக் கொஞ்சம் பார்க்கும். சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் சரியான நேரத்தில் கட்டையைக் கொடுக்காவிட்டால் தேர் முனையில் திரும்பாது. நேரே போய் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறும். நெதர்லாந்து அணியில் கைட் பார்த்தது அந்த வேலைதான்.

இத்தனைக்கும் அவர் கோல் அடிக்கத் தெரியாதவர் இல்லை. ஃபெயனூர்ட் கிளப்புக்கு ஆடியபோது, 2004-05 பருவத்தில் 29 கோல் அடித்து டச்சு லீகில் முதலிடத்தில் நின்றவர். 2006இல் லிவர்பூல் போனார். அங்கே பயிற்சியாளர் ரஃபா பெனிட்டஸ் அவரை வலது ஓரத்துக்கு நகர்த்திவிட்டார். நடுவில் நின்று கோல் அடித்துப் பழகிய பையனை ஓரத்துக்குப் போ என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? பையன் ரெண்டு நாள் பயிற்சிக்கு வரமாட்டான். மூன்றாம் நாள் அவன் அப்பா வருவார். கைட் ஓரத்துக்குப் போய் ஓடினார். எதிரணிக்காரன் காலில் பந்து இருந்தால் துரத்தினார், தன் பக்கத்து ஓரத்தில் தடுக்கிற ஃபுல் பேக் மேலே ஏறினால் அவர் இடத்தையும் பார்த்துக்கொண்டார். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலை வீழ்த்திய இரண்டாவது கோல் சக ஆட்டக்காரர் ஸ்னைடர் கணக்கில் இருக்கிறது. ராபன் கொடுத்த கார்னரை முன்கம்பத்தருகே குதித்துத் தலையால் தட்டிவிட்டது கைட். அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

சரி, இப்போது கதைக்கு வருகிறேன். பையன்கள் கொஞ்சம் செல்போனைக் கீழே வையுங்கள்.

2014 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. பிரேசிலில் ஃபோர்ட்டலேசா நகரம். அங்கே மத்தியானம் ஒரு மணி, நமக்கு இரவு ஒன்பதரை. நெதர்லாந்துக்கும் மெக்சிகோவுக்கும் இரண்டாம் சுற்று. தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், பாதியில் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க இடைவேளை விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கைட்டுக்கு அது நாட்டுக்காக நூறாவது ஆட்டம். அடுத்த மாதம் 34 வயது. அந்த உலகக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஆட்டத்தில் சிலிக்கு எதிராகப் பயிற்சியாளர் வான் கால் அவரை இறக்கிய இடம் எது? இடது விங் பேக், அதாவது ஓரமாக ஏறிப் போய் ஆடவும் வேண்டும், திரும்பி ஓடிவந்து தடுக்கவும் வேண்டும். வலது கால் ஆட்டக்காரர், பிறவி ஃபார்வர்ட், அவரைப் போய் இடது பக்கம் தடுப்பு வேலைக்கு நிறுத்தினார்!

மெக்சிகோ ஆட்டத்திலும் அங்கேயே ஆரம்பித்தார். ஒன்பதாவது நிமிடத்தில் நைஜல் டி யோங் காயம்பட்டு வெளியே போனார். அணியை மாற்றிப் போட வேண்டி வந்தது. கைட் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. 48ஆவது நிமிடத்தில் ஜியோவானி டோஸ் சாண்டோஸ் தூரத்திலிருந்து இடது காலால் ஓர் அடி. மெக்சிகோ ஒன்று, நெதர்லாந்து பூஜ்யம். வான் கால் என்ன செய்தார்? வலது பக்கம் ஆடிய வெர்ஹாகை வெளியே எடுத்து மெம்பிஸ் டெப்பாயை உள்ளே விட்டார். அப்படியானால் வலது பக்கத்தை யார் பார்ப்பது? கைட்! இடதிலிருந்து வலதுக்கு வந்துவிட்டார். மெக்சிகோ கோல்கீப்பர் ஒச்சோவா ஒரு பக்கம் கோல் வாசலில் சுவர் மாதிரி நிற்கிறார், எதை அடித்தாலும் பிடிக்கிறார். தண்ணீர் இடைவேளை வந்தது. மற்றவர்கள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்க, வான் கால் அந்த நேரத்திலேயே திட்டத்தை மாற்றினார். வான் பெர்சி வெளியே, ஹன்டெலார் உள்ளே, கைட் முன்னே. ஒரே ஆட்டத்தில் இடது, வலது, முன்களம் என்று மூன்று இடம். யாருடைய சட்டையைப் பிடித்தும் கேட்கவில்லை, ஏன் என்னை அலைக்கழிக்கிறாய் என்று.

88ஆவது நிமிடம். ராபன் கார்னர் எடுக்கிறார், ஹன்டெலார் தலையால் பின்னே இறக்குகிறார், ஸ்னைடர் ஓடிவந்து வைத்தார் பாருங்கள், ஒச்சோவா அசையக்கூட இல்லை. அப்புறம் தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் ராபன் பெட்டிக்குள் விழுந்தார். அது ஃபவுலா நடிப்பா என்று இன்று வரை மெக்சிகோவில் சண்டை, நமக்கு அது வேண்டாம். ஹன்டெலார் பெனால்டி அடித்தார். 2-1. மறுநாள் பத்திரிகையில் ஸ்னைடர், ஹன்டெலார், ராபன் படங்கள். கைட் கோல் அடிக்கவில்லை, கோலுக்குப் பந்தும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் ஒருவர் மூன்று ஆளாக இருந்ததால்தான் வான் கால் தைரியமாக ஆட்களை மாற்ற முடிந்தது. பெஞ்சில் இருக்கிற கோல் ஆட்டக்காரர்களை இறக்க வேண்டுமானால், அவர்கள் திறந்துவிட்டுப் போகிற ஓட்டையை அடைக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும். அடுத்து கோஸ்டா ரிக்காவோடு 120 நிமிடம், அர்ஜென்டினாவோடு 120 நிமிடம். இரண்டிலும் முழுக்க ஆடிவிட்டுக் கடைசியில் பெனால்டியும் அடித்தார், இரண்டும் உள்ளே. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று நான் சும்மா சொல்லவில்லை.

இந்த மனுஷன் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். வட கடல் ஓரத்தில் கட்வைக் என்ற மீன்பிடி ஊர். அப்பா மீனவர். ஊர் கிளப்பின் பெயர் குவிக் பாய்ஸ், 1920இல் ஆரம்பித்தது, இன்றும் நடக்கிறது. சின்னப் பையனாக அங்கே ஆடத் தொடங்கியவர், உலகமெல்லாம் ஆடி முடித்து, 2017இல் ஃபெயனூர்ட் சாம்பியன் ஆன கடைசி ஆட்டத்தில் மூன்று கோலும் போட்டுவிட்டு ஓய்வு பெற்றார். மறு வருடம் குவிக் பாய்ஸில் ஆள் குறைந்தபோது சில ஆட்டங்களில் திரும்பவும் இறங்கினார். திரும்பி வர அவருக்கு மைதானம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

அம்மா மன்னிக்க வேண்டும், அவர் பொறுப்புக்கு வருவதற்கு முன்பிருந்தே நடக்கிற விஷயம் இது. யார் குத்தகை கொடுத்தார்கள் என்று மேடையில் சொல்ல மாட்டேன். நம் மைதானத்தில் பொருட்காட்சி வருகிறது, ராட்டினம் நிற்கிறது, டெல்லி அப்பளம் பொரிகிறது. நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அது போன பிறகு கொட்டகைக் குழியும் ஆணியும் கம்பியும் நமக்கு. உலகக் கோப்பை மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் பையன்களுக்கு மிஞ்சுவது தண்ணீர்த் தொட்டி மூலை. செங்கல் ரெண்டை நட்டு அணிக்கு ஐந்து பேராக ஆடுகிறார்கள். அந்த மூலையில் ஓரம் என்று ஒன்று கிடையாது. ஓரம் இல்லாத இடத்தில் விங் பேக் எப்படி முளைப்பான்? ஏறிப் போய்த் திரும்பி ஓடிவரத் தூரம் இருந்தால்தானே கைட் மாதிரி நெஞ்சுரம் வரும்? இன்று நீங்கள் பார்த்த இறுதி ஆட்டத்திலேயே இரண்டு அணியும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம் அதுதான். பையன்களைக் குறை சொல்லாதீர்கள்.

மூன்றாவது விஷயம் பாக்கி இருக்கிறது, தெரியும். துண்டுச்சீட்டு வந்துவிட்டது, செயலாளர் முகமும் ஒரு மாதிரியாக இருக்கிறது. பயிற்சியாளரின் கண் பற்றி ஐயாவே பேசுவார், என்னைவிட அவருக்குத்தான் தகுதி.

பொருட்காட்சியைச் சந்தைக்குப் பின்னால் உள்ள காலி இடத்துக்கு மாற்றக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும், அதனால் நூறு கையெழுத்தோடு நிறுத்தக் கூடாது. சுண்டல் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தை அம்மாவுக்கும் அண்ணாச்சிக்கும் விட்டு வைத்திருக்கிறோம், மற்றவர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து போடுங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.