தட்டியது யார்?

வணக்கம். என் பேச்சு கொஞ்சம் குழறும். பிறவியிலிருந்தே பெருமூளை வாதம். இரண்டு நிமிடம் பொறுத்துக்கொண்டால் உங்கள் காது பழகிவிடும்.

எழுதுவது இன்னும் சிரமம். வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். விசைப்பலகைமேல் ஓட்டைபோட்ட தகடு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். விரல் நழுவிப் பக்கத்து எழுத்தில் விழாது. சிங்கப்பூர் லெங்கோக் பாருவில் உடற்குறையுள்ளோருக்கான எனேபலிங் வில்லேஜ் இருக்கிறதே, அங்குள்ள டெக் ஏபலில் இந்த மாதிரிச் சாதனங்களைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஒரு தமிழ் மன்றத்துக்கு இருபது வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். முன்பெல்லாம் நான் சொல்லச் சொல்ல அக்கா தட்டுவார். இப்போது நான் நாலைந்து சொல்லைத் தட்டினால் ஏஐ வாக்கியமாக்கித் தருகிறது, நான் திருத்துகிறேன். போன வருஷம் செயற்குழுவில் ஒருவர், "தம்பி, இது நீங்க எழுதினதா, ஏஐ எழுதினதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் கன்னத் தசையை அசைத்துத்தான் எழுதினார். 2014இல் இன்டெல் அவருக்குத் தந்த புதிய மென்பொருளில் சொல்லை ஊகிக்கும் சுவிஃப்ட்கீ இருந்தது. அவருடைய நூல்களையும் உரைகளையும் வைத்தே அதைப் பழக்கியிருந்தார்கள். மொத்த எழுத்துகளில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக அவர் தேர்ந்தெடுத்தால் போதும் என்றது இன்டெல். மிச்சம் இயந்திரத்தின் ஊகம். அதற்காக அவர் சிந்தனையை நாம் இயந்திரத்தின் கணக்கில் எழுதினோமா?

சரி, அது சொல்லை ஊகித்தது, இது வாக்கியத்தையே கட்டுகிறது. வித்தியாசம் உண்டு. அதனால்தான் வரிக்கு வரி பார்க்கிறேன். ஒருமுறை "சித்தப்பா தவறிவிட்டார், கூட்டத்துக்கு வரமாட்டேன்" என்று தட்டினேன். "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்தது! பார்க்காமல் அனுப்பியிருந்தால் சித்தி வீட்டு வாசலை மிதிக்க முடியுமா?

ஆனால் அக்கா மாற்றிய அளவுக்கு இந்த ஏஐ மாற்றியதில்லை. நான் கோபமாகச் சொன்னதையெல்லாம் அவர் தேன் தடவித்தான் தட்டுவார். அவர் தட்டிய அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட "இது நீங்க எழுதினதா, அக்கா எழுதினதா?" என்று கேட்டதில்லை.

போன வாரம் மன்றத்துக் கணக்கு விஷயமாகக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினேன். அக்கா படித்துவிட்டுச் சொன்னார்: "நான் தட்டியிருந்தா இதை அனுப்ப விட்டிருக்க மாட்டேன்டா."