வானோடித் தாத்தா வீட்டுக்குப் பாரமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'தொடக்ககால வானோடி ஒருவர் தாத்தாவாக வாய்த்தால் அந்தக் குடும்பத்துக்கு அவர் வரமா, பாரமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, "பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கிடக்கும் ஆங்கிலக் கால்வாய்க் கடலைப் பறந்து தாண்டிய பிரெஞ்சுக்காரர் லூயி ப்ளேரியோ மாதிரி தாத்தா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சேதி கேட்டு அடுத்த வருஷமே நம்ம மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் விமானம் செய்து பறந்து காட்டினாரே" என்று முழங்கினார். நானும்தான் கை தட்டினேன். ஆனால் ஐயா வாசித்தது பேரன் கணக்கு. பாட்டி கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதை நான் வாசிக்கிறேன்.

ப்ளேரியோவுக்கு என்ன தொழில்? காருக்கு முகப்பு விளக்கு செய்வது. அசெட்டிலின் வாயுவில் எரியும் விளக்கு. பாரீஸில் கார் பெருகிய காலம், காசு கொட்டியது. மனிதர் அந்தக் காசையெல்லாம் எதில் போட்டார்? முதலில் பறவை மாதிரி சிறகடிக்கும் ஒரு யந்திரம் செய்தார். அது தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. அப்புறம் ஒன்று செய்தார், உடைந்தது. இன்னொன்று, அதுவும் உடைந்தது. கால்வாயைத் தாண்டிய விமானத்தின் பெயரே 'ப்ளேரியோ 11'. பதினொன்று ஊருக்குத் தெரியும். முந்தைய பத்துக்கும் பில் கட்டிய வீட்டை யாருக்குத் தெரியும்?

1909 கோடையில் கையிருப்பு வழித்துத் துடைத்தாயிற்று. அப்போது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அவர் மனைவி அலிசியா, தெரிந்தவர் வீட்டுக்குப் போன இடத்தில், மாடியிலிருந்து விழப் போன ஒரு குழந்தையைப் பிடித்துக் காப்பாற்றினாராம். குழந்தையின் தகப்பன் ஹைட்டி நாட்டுத் தோட்ட முதலாளி. அவர் நன்றியோடு கொடுத்த பணத்தில்தான் அடுத்த விமான வேலை ஓடியதாம். அதாவது ஐயா, அவர் கீழே விழுந்து விழுந்து தொலைத்த பணத்தை, இந்த அம்மா ஒரு பிள்ளையை விழாமல் பிடித்துச் சம்பாதித்திருக்கிறார்! (கைதட்டலை அவருக்குக் கொடுங்கள், எனக்கு வேண்டாம்.)

1909 ஜூலை 25, விடியற்காலை. எஞ்சின் சூட்டில் கால் வெந்து, ஊன்றுகோல் பிடித்து வந்து ஏறுகிறார் மனிதர். மூன்று சிலிண்டர், 25 குதிரைத்திறன். திசைகாட்டி கிடையாது. துணைக்கு 'எஸ்கோபெட்' என்ற போர்க்கப்பல் போகிறது. அந்தக் கப்பலில் அலிசியா. விமானம் கப்பலை முந்திப் பனிமூட்டத்துக்குள் போய்விடுகிறது. உள்ளே இருந்தவருக்கே பத்து நிமிஷம் கரை தெரியவில்லை. ஆனால் அவருக்குக் கையில் வேலை இருந்தது ஐயா, விசையைப் பிடிக்கலாம், எஞ்சின் சத்தத்தைக் கேட்கலாம். கப்பல் தளத்தில் நின்றவருக்கு என்ன இருந்தது? சரித்திரம் 36 நிமிஷம் சொச்சம் என்று எழுதியது வானத்தில் நடந்த பயணத்தை. கடலில் நின்றவருக்கு அது எத்தனை நிமிஷம்?

"பரிசு ஆயிரம் பவுண்டு வந்ததே! நூறு விமானத்துக்கு மேல் ஆர்டர் குவிந்ததே! பாரம் இறங்கிவிட்டதே!" என்பார்கள். இறங்கியதா? அதே டிசம்பரில் இஸ்தான்புல்லில் காற்று பலமாக அடிக்கும் நாளில் பறந்தார். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. இவர் வானம் ஏறியவர்தான், மறுக்கவில்லை. இறங்கியது ஒரு வீட்டுக் கூரைமேல்! விலா எலும்புகள் முறிந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரி. அதோடு போட்டிப் பறப்பை விட்டுவிட்டு, தொழிற்சாலையைக் கவனித்தார். 64 வயது வரை, 1936 வரை வாழ்ந்தார். போட்டியை விட்டதால் அல்லவா நடுவர் அவர்களே அவர் தாத்தா ஆனார்?

விடாதவர் கதையையும் கேளுங்கள். ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால், எஞ்சின் இல்லாத சறுக்கு விமானத்தில் இரண்டாயிரம் முறைக்கு மேல் குன்றிலிருந்து பாய்ந்தவர். 1896 ஆகஸ்டில் விழுந்து கழுத்து முறிந்து மறுநாள் போய்விட்டார். வயது 48, பிள்ளைகள் நான்கு. 'பலிகள் கொடுத்தே ஆகவேண்டும்' என்று கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். கொடுத்தது யார்? அவர் எழுத்தைப் படித்து வளர்ந்த ரைட் சகோதரர்கள் பிற்பாடு அந்த விதவைக்கு ஆயிரம் டாலர் அனுப்பினார்கள். உலகமே கொண்டாடும் தாத்தாவின் வீட்டுக்கு அசலூர்க்காரர் பணம் அனுப்ப வேண்டியிருந்தது!

ரைட் சகோதரர்களோ கல்யாணமே செய்துகொள்ளவில்லை, அவர்கள் யாருக்குப் பாரம் என்பீர்கள். தங்கைக்கு! 1908-ல் ஆர்வில் விழுந்து காலும் விலாவும் முறிந்தபோது, பள்ளியில் லத்தீன் கற்பித்துக்கொண்டிருந்த கேதரின் லீவு போட்டு ஓடி வந்து படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்ப அந்த வகுப்பறைக்குப் போகவே இல்லை. அப்புறம் அண்ணன்மாருக்கு உலகம் சுற்றும் காரியமெல்லாம் அவர் பார்த்தார். 52 வயதில், 1926-ல், அவர் தமக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொண்டார். ஆர்வில் கல்யாணத்துக்குப் போகவில்லை, தங்கையோடு பேச்சையே நிறுத்திவிட்டார். 1929-ல், தங்கை சாகக் கிடந்தபோதுதான் போய்ப் பார்த்தார்.

எதிரணி ஐயா இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லிவிட்டு வரம் என்று சொல்லட்டும். மணி அடித்துவிட்டது, உட்காருகிறேன். வணக்கம்.