பிராண்டுக்கு அனுப்பின மெயிலுக்குப் பதில் இல்லையா? அடுத்த மெயிலை இப்படி எழுதுங்க

[திரையில்: அனுப்பிய மெயில் ஒன்று. தேதி மட்டும் பெரிதாகத் தெரிகிறது.]

உங்க சேனல்ல சேர்ந்து வீடியோ பண்ணலாமான்னு, அதாவது கொலாப் கேட்டு, ஒரு பிராண்டுக்கு மெயில் போட்டு பத்து நாள் ஆச்சு, பதில் இல்லை. உடனே "என் மெயிலைப் பாத்தீங்களா?"ன்னு ஒரு வரி தட்டி விடத் தோணும். அதுக்கும் பெரும்பாலும் பதில் வராது. ஏன்னா அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல, பிராண்டுல இருக்கிறவர் பழைய மெயிலைத் தேடி எடுத்து, முழுசாப் படிச்சு, முதல்லேர்ந்து யோசிக்கணும். அந்த வேலையை அவருக்கு மிச்சப்படுத்துற மெயிலுக்குத்தான் பதில் வரும். அதை எப்படி எழுதுறதுன்னு இன்னிக்குப் பாப்போம்.

[திரையில்: மீடியா கிட் லிங்க் இன்காக்னிட்டோ விண்டோவில் திறக்கிறது. அனுமதி கேட்கும் பக்கம் வருகிறது.]

எழுதுறதுக்கு முன்னாடி, முதல் மெயில் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சான்னு பாருங்க. மீடியா கிட்டை, அதாவது உங்க சேனலைப் பத்தின அறிமுக ஃபைலை, கூகுள் டிரைவ் லிங்கா கொடுத்திருந்தா, அதை இன்காக்னிட்டோ விண்டோல திறந்து பாருங்க. உங்க அக்கவுண்ட்ல லாகின் ஆகியிருந்தா அந்த லிங்க் எப்பவும் திறக்கும், அதனாலயே இந்தத் தப்பு உங்க கண்ணுல படாது. அனுமதி கேக்குற பக்கம் வந்தா, பிராண்டுல இருக்கிறவருக்கும் அதேதான் வந்திருக்கும். யாரோ ஒருத்தர்கிட்ட அனுமதி கேட்டுக் காத்திருந்து மீடியா கிட் பாக்குற அளவுக்கு அங்க யாருக்கும் நேரம் இருக்காது. ஷேரிங்ல, லிங்க் வெச்சிருக்கிற எல்லாரும் பாக்கலாம்னு மாத்துங்க.

ஃபைலாவே இணைச்சிருந்தா அளவைப் பாருங்க. ஜிமெயில் 25 எம்பி வரைக்கும் இணைக்க விடும். வாங்குற கம்பெனியோட சர்வர் அதைவிடக் குறைவான வரம்பு வெச்சிருக்கலாம். மூணு நாலு எம்பிக்குள்ள ஒரு பிடிஎஃப் போதும்.

சொந்த டொமைன்லேர்ந்து மெயில் அனுப்புறவங்களுக்கு இன்னொரு சோதனை இருக்கு. உங்களோட ஒரு ஜிமெயிலுக்கு அதே முகவரிலேர்ந்து ஒரு மெயில் அனுப்புங்க. மூணு புள்ளி மெனுல "ஷோ ஒரிஜினல்" அழுத்துங்க. மெயில் உண்மையாவே உங்க டொமைன்லேர்ந்துதான் வந்துச்சான்னு பாக்குற எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணு சோதனைக்கும் நேரா "பாஸ்"னு இருக்கணும். "ஃபெயில்"னு இருந்தா உங்க மெயில் ஸ்பாம்ல கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதைச் சரிபண்ணாம எத்தனை தடவை அனுப்பினாலும் எல்லாம் அதே இடத்துக்குத்தான் போகும்.

முகவரியையும் பாருங்க. "சப்போர்ட்", "இன்ஃபோ"ன்னு ஆரம்பிக்கிற முகவரி பல கம்பெனில கஸ்டமர் கேர் டீமுக்குப் போகும். லிங்க்ட்இன்ல அந்தக் கம்பெனி பேரோட "இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங்", "பார்ட்னர்ஷிப்ஸ்"னு தேடினா சரியான ஆள் கிடைக்கலாம். இன்ஸ்டாகிராம் டிஎம் அனுப்பியிருந்தா, உங்களை ஃபாலோ பண்ணாதவங்களுக்கு அது ரிக்வெஸ்ட் பகுதிக்குப் போயிருக்கும். அதைத் திறந்தே பாக்காத பிராண்டுகள் நிறைய.

அனுப்பின மெயிலை அவங்க திறந்தாங்களான்னு சொல்ற மெயில் டிராக்கர் "ஓப்பன் ஆச்சு"ன்னு காட்டுறதை நம்பி முடிவெடுக்காதீங்க. 2021-லேர்ந்து ஆப்பிள் மெயில்ல, பிரைவசி பாதுகாப்பை ஆன் பண்ணி வெச்சிருந்தா, மெயிலை யாரும் திறக்காமலே அதுல இருக்கிற படங்கள் லோடு ஆகிடும். படம் லோடு ஆகுறதை வெச்சுத்தான் டிராக்கர் கணக்கு எடுக்கும், அதனால அதையும் ஓப்பன்னுதான் எண்ணும்.

[திரையில்: காலண்டர். 5, 8, 10 வேலை நாட்கள் வட்டமிடப்படுகின்றன.]

எப்போ அனுப்பணும்? முதல் மெயில் போய் 5 வேலை நாள் கழிச்சு முதல் ஃபாலோ-அப், அதாவது நினைவூட்டுற மெயில். அதுலேர்ந்து 8 வேலை நாள்ல ரெண்டாவது. இன்னும் 10 வேலை நாள்ல கடைசி. மூணுக்கு மேல வேண்டாம். அவங்க ஊர் நேரப்படி, வார நடுவுல, காலை நேரத்துக்கு ஷெட்யூல் பண்ணுங்க. லீவுல இருக்கேன்னு ஆட்டோ ரிப்ளை வந்தா, அவர் திரும்பி வர்ற தேதியைக் குறிச்சுக்கிட்டு, அதுக்கு மேல ரெண்டு மூணு நாள் விடுங்க. லீவு முடிஞ்சு வர்ற முதல் நாள் இன்பாக்ஸ் நிரம்பி வழியும்.

எப்பவும் பழைய மெயிலுக்கே ரிப்ளை போடுங்க, சப்ஜெக்டை மாத்தாதீங்க. புது மெயில்ல நீங்களே "ரீ:"ன்னு சேத்து, ஏற்கெனவே பேசின மாதிரி காட்டுறவங்க இருக்காங்க. அது ஏமாத்து வேலை. கண்டுபிடிச்சா அந்த பிராண்டோட கதவு மூடினதுதான்.

[திரையில்: மாதிரி மெயில், வரி வரியாக.]

"வணக்கம் (பெயர்),

பயணப் பை வீடியோ பற்றி 3ஆம் தேதி எழுதியிருந்தேன். நான்கு நாள் பயணத்துக்கான எல்லாவற்றையும் ஒரே பையில் அடுக்கிக் காட்டும் 8 நிமிட வீடியோவும் ஒரு ஷார்ட்ஸும் என் யோசனை.

அதன் பிறகு நான் வெளியிட்ட பேக்கிங் வீடியோவில், பையின் அறைகளைப் பற்றி மட்டும் 40 பேர் கேட்டிருக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் கீழே.

அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வெளியிட முடியும். இதை நீங்கள் பார்க்கிறீர்களா, வேறு யாரிடமாவது பேச வேண்டுமா?"

இந்த மெயிலை நிதானமாப் பாருங்க. முதல் பத்தியிலயே முழு யோசனையும் இருக்கு, பழைய மெயிலைத் தேட வேண்டியதில்லை. ரெண்டாவது பத்தியில முதல் மெயில்ல இல்லாத புது விஷயம் இருக்கு. இதுதான் இந்த மெயிலோட உயிர். புதுசாச் சொல்ல ஒண்ணும் இல்லைன்னா, ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் ரெண்டு நாள் தள்ளி அனுப்பினாலும் தப்பில்லை. கடைசிக் கேள்விக்கு "ஆமா, நான்தான்"னோ, இன்னொருத்தர் பேரைச் சொல்லியோ ஒரே வரில பதில் போடலாம். "உங்க கருத்து என்ன?"ன்னு கேட்டா அவர் உக்காந்து யோசிக்கணும், அதனால தள்ளிப் போட்டுடுவார். மெயில் எந்த மொழியில போனாலும் அமைப்பு இதேதான். அந்த 40-ங்கிறது உண்மையான எண்ணிக்கையா இருக்கணும், கூட்டிச் சொல்லாதீங்க.

ரெண்டாவது ஃபாலோ-அப் இன்னும் சின்னது. யூடியூப் ஸ்டூடியோல கடைசி 28 நாள் கணக்கை எடுத்து, பாக்குறவங்க வயசும் நாடும் தெரியிற ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் வைங்க. சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைவிட இது அவங்களுக்கு உதவும், ஏன்னா தங்களோட கஸ்டமர் உங்க சேனல்ல இருக்காங்களான்னுதான் அவங்க பாக்குறாங்க.

மூணாவதுல, எந்தத் தேதி வரைக்கும் இந்த யோசனையை அவங்களுக்காக வெச்சிருப்பீங்கன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் வேற பிராண்டுகிட்ட கொண்டுபோறதா இருந்தா அதையும் சொல்லிடுங்க. உண்மையா இருந்தா மட்டும். குற்றம் சொல்ற தொனி ஒரு சொல்லுல கூட வரக்கூடாது.

விலை விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பதில் வராததுக்காக நீங்களே ரேட்டைக் குறைச்சு ஃபாலோ-அப் அனுப்பாதீங்க. கேக்காமலே குறைஞ்ச ரேட், முதல்ல சொன்னது சும்மா சொன்னதுன்னு காட்டிடும். பட்ஜெட் இல்லைன்னு அவங்க சொன்னா வேலையோட அளவைக் குறைங்க: வீடியோவை விட்டுட்டு ஷார்ட்ஸ் மட்டும், இல்லைன்னா அவங்க விளம்பரத்துல பயன்படுத்துற உரிமை இல்லாம.

[திரையில்: ஒரு ஷீட். ஆறு தலைப்புகள்.]

இதையெல்லாம் மனசுல வெச்சுக்க முடியாது. ஒரு ஷீட் போடுங்க: பிராண்ட், ஆள், முகவரி, கடைசியா அனுப்பின தேதி, அடுத்த தேதி, என்ன சொன்னோம். அடுத்த தேதிப்படி வரிசைப்படுத்திட்டா, தினமும் மேல இருக்கிற நாலு வரியைப் பாத்தாப் போதும்.

மூணுக்கும் பதில் இல்லைன்னா அடுத்த தேதிக் கட்டத்துல மூணு மாசம் தள்ளி ஒரு நாளைப் போடுங்க. அன்னிக்கு, அந்த ஆள் இன்னும் அதே வேலையில இருக்காரான்னு லிங்க்ட்இன்ல பாத்துட்டு, வேற ஒரு யோசனையோட, புது சப்ஜெக்ட் போட்டு, புது மெயிலா எழுதுங்க.