கடத்தலும் கள்ளச்சந்தையும்

அவையோருக்கு வணக்கம். ‘ரேஷன் அரிசி கடத்தியவர் கள்ளச்சந்தை தடுப்புச் சட்டத்தில் கைது’ என்ற வகைச் செய்தி அடிக்கடி நம் கண்ணில் படுகிறது. செய்த குற்றத்துக்கு ஒரு பெயர், பாய்ந்த சட்டத்துக்கு வேறொரு பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

‘கட’ தன்வினை, ‘கடத்து’ அதன் பிறவினை. மின்சாரம் பாயும் செம்புக் கம்பியைக் கடத்தி என்கிறோம். வேலை செய்யாமல் நாளைக் கடத்துகிறவர்களும் உண்டு. அவர்கள்மீது எந்தச் சட்டமும் பாய்வதில்லை. எதைக் கடத்தினாலும் அங்கே கடக்க ஓர் எல்லை இருந்தாக வேண்டும். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் கூறும் கடத்தலுக்கு அந்த எல்லை நாட்டின் எல்லை. துபாயிலிருந்து தங்கம் கொண்டுவருவதே குற்றமன்று. அதிகாரியிடம் அறிவித்து வரி கட்டவேண்டியவர், தங்கத்தைப் பசையாக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, அறிவிக்க ஏதுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து வரும்போது அது கடத்தலாகிறது. பிறகு அதை நகைக்கடையில் அன்றைய விலைக்கே விற்றாலும் அது கடத்தல் தங்கம்தான்.

கள்ளச்சந்தைக்கு எல்லை வேண்டியதில்லை. விலையிலோ அளவிலோ ஒரு கட்டுப்பாடு இருந்தால் போதும். தியேட்டர் வாசலில் ‘பிளாக்கில்’ விற்கும் டிக்கெட் கவுன்டரை விட்டுப் பத்தடி கூட நகர்ந்திருக்காது. அத்தியாவசியப் பொருள்களின் வழங்கலைக் குலைப்பவரை ஆறு மாதம் வரை தடுப்புக்காவலில் வைக்க வகைசெய்யும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நாம் கள்ளச்சந்தை தடுப்புச் சட்டம் என்கிறோம்.

இனி அரிசிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படும் அரிசியை, வீடு வீடாகச் சென்று கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாங்கி, சிறு பைகளாகக் கட்டி, கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ போகும் ரயிலில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். பையின்மேல் யாரும் உட்காருவதில்லை. கேட்டால் தங்களுடையது என்று யாரும் சொல்வதுமில்லை. வண்டி மாநில எல்லையைத் தாண்டுகிறது என்பது உண்மை. ஆனால் அது சுங்க எல்லையன்று. ஆகவே சுங்கச் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. வழக்கு 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்படி பதிவாகிறது. அதே அரிசி மதுரையை விட்டு நகராமல், அங்கேயே ஓர் ஆலையில் பாலிஷ் போடப்பட்டுப் புதுச் சாக்குக்கு மாறினாலும் குற்றம் குற்றமே.

இதனால் ‘ரேஷன் அரிசி கடத்தல்’ என்பது பிழை என்று சொல்லமாட்டேன். வண்டியில் ஏற்றி மறைவாகக் கொண்டுபோவதை மக்கள் வேறெப்படிச் சொல்வார்கள்? ஆனால் ஆலைக்குள் பிடிபட்ட மூட்டைகளுக்கும் அதே தலைப்பைப் போடும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. அங்கே எதுவும் எதையும் கடக்கவில்லை. துணையாசிரியர் நாற்காலியில் நான் இருந்தால், அந்தச் செய்திக்குக் ‘கள்ளச்சந்தை அரிசி பறிமுதல்’ என்றே தலைப்பிடுவேன்.