செம்புக்குடமும் ஈயப்பூச்சும்

விழாத் தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். மனித வாழ்வில் செம்பின் பங்கை வரலாறு, மின்சாரம், அடுக்களை என மூன்று கூறுகளாகப் பேச விழைகிறேன்.

‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. பெறுபவரின் தகுதியைச் சொல்லும் அந்த வாக்கை, கொடையைப் பொறித்து வைத்த உலோகத்துக்கும் நான் பொருத்திப் பார்ப்பதுண்டு. ஓலையைச் செல் அரிக்கும், இரும்பைத் துரு தின்னும். செம்போ மேலே களிம்பேறினாலும் எழுத்தைக் காத்து நிற்கும். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளை ஏறத்தாழ 1000 ஆண்டுகள் கழித்தும் நம்மால் படிக்க முடிகிறது. மின்சாரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை; இந்த ஒலிபெருக்கிக்குள்ளும் செம்புக்கம்பிதான் ஓடுகிறது.

அடுக்களைக்கு வருகிறேன். என் பாட்டி வீட்டுக்கு ஈயம் பூசுபவர் ஆண்டுக்கு இருமுறை வருவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டித் துருத்தியைப் பொருத்திக் கரியை மூட்டுவார். புளியும் மணலும் இட்டுத் தேய்த்த பாத்திரத்தைக் கனலில் காட்டி நவச்சாரம் என்னும் உப்பைத் தூவினால் வெண்புகை குபீரென்று எழும். சிறுவர்களாகிய நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வோம். வெள்ளீயக் குச்சியால் ஒரு கோடு இழுத்துப் பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவார், கண்மூடித் திறப்பதற்குள் உட்புறமெல்லாம் வெள்ளியாகிவிடும். ஓராண்டு அவர் வரவில்லை. பூச்சுத் தேய்ந்து செம்மை தெரிந்த அண்டாவில் வைத்த புளிக்குழம்பு இரவு முழுதும் அதிலேயே கிடந்தது. மறுநாள் அதை உண்ட அத்தனை பேருக்கும் வாந்தி. எல்லோரும் அண்டாவை ஏசியபோது பாட்டி மட்டும், “அண்டா என்னய்யா செய்யும், ஈயம் பூசாம அடுப்புல ஏத்துனது நாந்தானே” என்று அழுதார்கள்.

பாத்திரமறிந்து பிச்சையிடச் சொன்னார்கள். பாத்திரமறிந்து சமைக்கவும் வேண்டும். செம்புக்குடத்தில் இரவெல்லாம் நின்ற நீரில் நோய்க்கிருமிகள் பல மடிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் புளியும் தயிரும் எலுமிச்சையும் செம்பைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். அதைத் தடுப்பது வெள்ளீயப் பூச்சு. மலிவுக்காக அதில் காரீயம் என்னும் நச்சு உலோகத்தைக் கலந்தால் பூச்சே நஞ்சாகிவிடும்; வேறுபாடு தெரிந்த கைகள் நம் ஊரில் அருகிவருகின்றன.

ஆகவே நகர்மன்றத் தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே வேண்டுகிறேன். சந்தையின் வடக்கு மூலையில், புகை யாரையும் வருத்தாத இடமாகப் பார்த்து, மாதம் ஒருநாள் ஈயம் பூசுவோர் அமர இடம் ஒதுக்குங்கள். அவர்களிடம் தொழில் பயிலும் இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுங்கள். தாய்மார்களே, பரணில் கிடக்கும் அண்டாக்களைப் பழைய சாமான் விலைக்குப் போட்டுவிடாமல் அந்த நாளில் எடுத்து வாருங்கள். முதல் அண்டாவாக என் பாட்டியின் அண்டாவை நான் கொண்டுவருகிறேன்.

நன்றி, வணக்கம்.